மண்ணால் செய்த துரோணர்

சில ஆண்டுகளுக்கொரு முறை நம் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வருகிறது. ஏதோ ஒரு சிற்றூர். எட்டாவதோ பத்தாவதோ படித்த ஓர் இளைஞர். மோட்டார் சைக்கிள் எஞ்சின், அலுமினியக் குழாய்கள், தைத்த துணி. பின்னணியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஊரார். செய்தியின் முதல் வாக்கியத்திலோ இரண்டாம் வாக்கியத்திலோ அந்தச் சொற்றொடர் இருக்கும்: ‘யாரிடமும் எந்தப் பயிற்சியும் பெறாமல்’. எழுதுகிறவர் அதைப் புகழ்ச்சியாகவே எழுதுகிறார். வாசிக்கிற நாமும் அப்படியே எடுத்துக்கொள்கிறோம். எனக்கு இப்போதெல்லாம் அந்த வரி, முன்கூட்டியே அச்சான இரங்கல் குறிப்பைப்போல் படுகிறது.

செய்தித்தாள்களை மன்னித்துவிடலாம். அவர்களுக்கு மறுநாள் வேறு செய்தி கிடைத்துவிடும். ஆனால் அண்மையில் ஒரு சிற்றிதழில் இதே பொருளில் வெளிவந்த கட்டுரையை என்னால் அப்படிக் கடந்துபோக முடியவில்லை. எழுதியவர் நல்ல கவிஞர். அவருடைய மொழியின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. சொந்தக் கையால் விமானம் கட்டும் கிராமத்து இளைஞர்களை அவர் ஏகலைவனின் வழித்தோன்றல்கள் என்கிறார். பயிற்சிப் பள்ளியும் உரிமமும் தேர்வும் துரோணரின் தந்திரங்கள். கட்டைவிரலைக் கேட்கும் ஏற்பாடுகள். விண்ணை அறிய வேண்டுமெனில் விண்ணிடமே கற்க வேண்டும் என்பது கட்டுரையின் சாரம். அழகான கட்டுரைதான். என் அக்காள் மகன் அதை அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறான் என்பதுதான் எனக்குள்ள சிக்கல்.

அதிராம்பட்டினத்திலிருந்து சிறிது தொலைவில் அக்காள் குடும்பத்துக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. ‘இருந்தது’ என்பதே பொருத்தம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறியபோது தோப்பில் முக்கால் பங்கு சாய்ந்தது. மிஞ்சிய இடத்தில் தகரக் கொட்டகை போட்டு டீசல் எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தான் மருமகன். படகு எஞ்சின், பம்புசெட், நாற்று நடும் இயந்திரம் எல்லாம் அவன் கைக்கு வரும். கை அப்படிப்பட்ட கை. மூன்றாண்டாக அந்தக் கொட்டகையின் பின்பாதியில் ஓர் ஒற்றை இருக்கை விமானம் வளர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சென்ற தை மாதம் அக்காள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, நீ ஒரு எட்டு வந்து பேசேன். பங்குனியில அளத்துத் தரை காய்ஞ்சதும் ஓட்டப்போறானாம்” என்றாள்.

போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த இயந்திரத்தின் முன் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவ்வளவு சுத்தமான வேலை. ஒவ்வொரு மரையாணியிலும் பூட்டுக்கம்பி முறுக்கியிருந்தான். இறக்கைத் துணியின் தையலில் ஓர் இழை பிசகவில்லை. அவனைத் தடுக்க வந்தவன் என்பதே ஒருகணம் மறந்துபோயிற்று.

“பறக்கக் கத்துக்கிட்டியா?” என்று கேட்டேன்.

“கம்ப்யூட்டர் சிமுலேட்டர்ல நூறு மணி நேரத்துக்கு மேல ஓட்டிட்டேன் மாமா. அதுவும் மேலயா போகப்போறேன்? தரையிலயே ஓட்டி ரெண்டடி மூணடி தூக்கிப் பாத்துட்டு இறக்கிடுவேன்.”

இந்த ‘ரெண்டடி மூணடி’யைப் பற்றித்தான் நண்பர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கவித்துவமான கட்டுரைகளில் இது இடம்பெறுவதில்லை.

தரைக்கு மிக அருகில், ஏறத்தாழ இறக்கையின் நீளத்துக்குள் அடங்கும் உயரத்தில், காற்று வேறுவிதமாக நடந்துகொள்கிறது. இறக்கை நுனிகளில் எழும் சுழல்கள் தரையால் தடைபடுவதால் பின்னிழுக்கும் விசை குறைந்துவிடுகிறது. ஆகவே, உயரத்தில் பறக்கவே முடியாத குறைந்த வேகத்திலும் விமானம் தரையைவிட்டு எழுந்து மெத்தைமேல் மிதப்பதுபோல் மிதக்கும். ஓட்டுபவர் ‘பறக்கிறது’ என்று நம்புகிறார். இன்னும் சற்று மேலே எழுந்ததும் அந்த மெத்தை விலகிவிடுகிறது. இழுவிசை கூடுகிறது, வேகம் குறைகிறது, மூக்கு தாழ்கிறது. மூக்கு தாழ்ந்தால் மனிதக் கை இயல்பாகச் செய்வது கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்பக்கம் இழுப்பது. இழுத்தால் இறக்கை காற்றோடு இன்னும் கூர்மையான கோணத்தில் நிற்கும்; ஒரு கட்டத்தில் மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும். தூக்குவிசை சரிகிறது. விமானிகள் இதை ஸ்டால் என்கிறார்கள். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நேரும். மீள்வதற்கு ஒரே வழி, தண்டை முன்னே தள்ளுவது. அதாவது, தரை முகத்துக்கு நேரே வந்துகொண்டிருக்கும்போது இன்னும் தரையை நோக்கித் தள்ளுவது. உடல் முழுதும் மறுக்கும் இந்தச் செயலை உடலுக்குப் பழக்குவதற்குப் பெயர்தான் பயிற்சி. பக்கத்து இருக்கையில் ஆசிரியர் இருக்க, போதிய உயரத்தில், இருபது முப்பது முறை செய்து பார்த்தால் கை கற்றுக்கொள்கிறது. நூறடி உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட இரண்டரை நொடி. சிமுலேட்டரில் படித்ததை நினைவுகூர அது போதாது.

இதோடு முடியவில்லை. ஒற்றை இருக்கை விமானத்தில் பக்கத்தில் ஆசிரியரை உட்கார வைக்க இயலாது. முதல் முறையே தனியாகத்தான். மேலும் மிக இலேசான விமானம் எஞ்சின் தணிந்த மறுநொடியே வேகத்தை இழந்துவிடும்; கனமான விமானம் தரும் அவகாசத்தை அது தராது. உப்பள வெளியில் இன்னொரு தொல்லை உண்டு. மரமோ வேலியோ இல்லாத வெளிறிய தட்டைத் தரையில், பங்குனி வெயிலின் கானல் நடுவே, பத்தடி உயரத்தில் இருக்கிறோமா முப்பதடியிலா என்று கண்ணால் தீர்மானிப்பது கடினம். பகல் ஏற ஏறக் கடற்காற்று வலுத்து வீசும் திசை மாறுவது அதிராம்பட்டினத்து மீனவப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மருமகனுக்கும் தெரியும். காற்று மாறும்போது காலடியிலுள்ள திசைமாற்றியை எவ்வளவு அழுத்துவது என்பது அவன் காலுக்குத் தெரியாது.

எங்கள் கடற்கரையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருந்ததில்லை. படகு கட்டுபவர் ஓடாவி. கடலில் கொண்டுசெலுத்துபவர் தண்டல். ஓடாவி எவ்வளவு பெரிய கலைஞராயினும், ‘நான்தானே கட்டினேன்’ என்று சொல்லி ஐப்பசியில் தனியே பாய் விரித்துப் போகமாட்டார். அது அவருக்கு இழிவென்று எவரும் எண்ணியதுமில்லை. விமானம் என்று வந்தவுடன் மட்டும் ஏன் நமக்குக் கட்டியவரும் ஓட்டுபவரும் ஒருவராகவே இருந்தாக வேண்டியிருக்கிறது? கதைக்கு அது அழகு என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

பயிற்சி என்பது எதுவும் தெரியாதவர்களுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள், பாடகர் ஜான் டென்வரின் மரணத்தைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். அவர் 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். வேறொருவர் வீட்டில் கட்டிய லாங் ஈஸி வகைச் சிறு விமானத்தை விலைக்கு வாங்கினார். முந்தைய நாள் ஏறத்தாழ அரை மணி நேரம் அதில் பழகிப் பார்த்தார். 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். எரிபொருள் தொட்டிகளை மாற்றும் திருகு, மூல வரைபடத்தின்படி விமானியின் கால்களுக்கிடையே இருக்க வேண்டியது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தார். திரும்பிக் கையை நீட்டி அதைத் திருக முயலும்போது கால் அறியாமல் திசைமாற்றியை அழுத்தியிருக்கிறது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணங்களில், அந்த வகை விமானத்துக்கு மாறுவதற்கான பயிற்சி போதாமையும் ஒன்று. பறக்கத் தெரிந்தவர்தான். அந்த விமானத்தில் பறக்கத் தெரியாதவர்.

வீட்டில் கட்டும் விமானங்களைப் பற்றி அதே வாரியம் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2011-ல் நடந்த விபத்துகளில், தாமே கட்டிய விமானங்களுக்கு நேர்ந்தவை 102. அவற்றில் 10 முதல் பறப்பிலேயே நேர்ந்தவை. பிறர் கட்டியதை வாங்கியவர்களுக்கு நேர்ந்த 125-ல் 14, புதிய உரிமையாளரின் முதல் பறப்பில் நேர்ந்தவை. ஒரு விமானம் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான முறை எழுந்து இறங்குகிறது. அவற்றுள் அந்த ஒரேயொரு முதல் முறைக்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு. பழகாத விமானத்துக்கு மாறுவது குறித்து அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2011-ல் ஒரு வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. அது உரிமம் பெற்ற விமானிகளுக்காக எழுதப்பட்டது. விமானம் கட்டுவதை ஊக்குவிக்கவே 1953-ல் தோன்றிய அந்நாட்டுச் சங்கமும் முதலில் அதே வகை விமானத்தில் ஆசிரியரோடு பறந்து பழகுங்கள் என்றுதான் தன் உறுப்பினர்களிடம் சொல்லிவருகிறது. அவர்களைத் துரோணர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களும் கொட்டகையில் குழாய் வளைப்பவர்களே.

இனி நம் பக்கம் வருவோம். 2021 ஆகஸ்டில் மராட்டிய மாநிலம் யவத்மாள் மாவட்டத்தின் புல்சாவங்கி கிராமத்தில், 24 வயது இளைஞர் ஒருவர் தாமே கட்டிய ஒற்றை இருக்கை ஹெலிகாப்டரைத் தரையில் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். சுழலும் பகுதி உடைந்து தலையில் பட்டு இறந்தார். எட்டாம் வகுப்போடு நின்றவர். வெல்டிங் வேலை அறிந்தவர். மறுநாள் பத்திரிகைகள் ‘த்ரீ இடியட்ஸ்’ படத்து நாயகனோடு அவரை ஒப்பிட்டன. அவர் மேலே எழும்பக்கூட இல்லை. விதிவிலக்கான கையும் மூளையும் கொண்ட அந்தப் பையனருகில், ‘இதை இன்று ஓட்டாதே, முதலில் எட்டி நின்று கயிற்றைக் கட்டி ஓட்டிப் பார்’ என்று சொல்லத்தக்க ஒரு தேர்ந்த ஆள் இல்லை. இதைத்தான் நாம் ‘யாருடைய உதவியுமின்றி’ என்று பெருமையாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மற்றொரு நிகழ்ச்சியை யாரும் அதிகம் எழுதுவதில்லை. கேரளத்தின் தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ் பிறவியிலேயே செவித்திறனும் பேச்சும் இல்லாதவர். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பல ஆண்டுகள் உழைத்து ஓர் இலகு விமானத்தைக் கட்டினார். 2014-ல் அது நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாற்றில் பறந்தது. ஓட்டியவர் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி எஸ்.கே.ஜே. நாயர். கட்டியவர் தரையில் நின்று தம் விமானம் எழுவதைப் பார்த்தார். இதனால் சஜி தாமஸின் சாதனை ஒரு துளியும் குறைந்துவிடவில்லை. அவர் வாழ்க்கையைத் தழுவி 2017-ல் ‘விமானம்’ என்று மலையாளத்தில் படமே வந்தது. பின்னும் அவர் உயிரோடு இருந்தார் என்பதையும் ஒரு சாதனையாகச் சேர்த்துக்கொள்ளலாம். மும்பையில் அடுக்குமாடி மொட்டைமாடியில் விமானம் கட்டிப் புகழ்பெற்ற அமோல் யாதவும் தொழில்முறை விமானி. பறக்கக் கற்றபின் கட்டியவர்.

‘ரைட் சகோதரர்களுக்கு யார் கற்றுத்தந்தார்?’ இந்தக் கேள்வியைக் கட்டுரையாசிரியரும் கேட்கிறார், மருமகனும் கேட்டான். நல்ல கேள்வி, ஆனால் அதன் விடை அவர்களுக்கு எதிரானது. 1896-ல் ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால் மிதவை விமானத்திலிருந்து விழுந்து இறந்த செய்திதான் அச்சகோதரர்களைச் சிந்திக்க வைத்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் முறை மிதந்த லிலியன்தாலுக்குக்கூட மொத்தமாகச் சேர்த்தால் காற்றில் கிடைத்த பழக்கம் சில மணி நேரமே என்பதை அவர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே எஞ்சினைத் தொடவே இல்லை. 1900 முதல் மூன்று பருவங்கள் கிட்டி ஹாக்கின் மணல்மேடுகளில், விழுந்தாலும் மணல் தாங்கும் உயரத்தில், மிதவை விமானங்களில் பழகினார்கள். 1902-ன் இலையுதிர் பருவத்தில் மட்டும் எழுநூறு முதல் ஆயிரம் முறை. அதற்குப் பிறகே எஞ்சின். 1903 டிசம்பர் 17. ஆசிரியர் இல்லாத காலத்தில் அவர்கள் பயிற்சியையே கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு அரசுப் பணத்தில் பேராசிரியர் லாங்லி கட்டிய விமானத்தில், ஒருநாளும் பறந்து பழகாத சார்ல்ஸ் மான்லி ஏறி அமர்ந்தார். அக்டோபரில் ஒரு முறை, டிசம்பர் 8-ல் மறு முறை, இருமுறையும் போட்டோமாக் ஆற்றில். அருமையான எஞ்சின், பழக்கமில்லாத கை.

சென்னைக்கும் இதில் ஒரு பழைய கதை உண்டு. மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்திய கோர்சிக்கரான ஜாக்கோமோ தாஞ்செலிஸ், 1909-ல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்ததில் மனம் பறிகொடுத்துத் தாமே ஒரு விமானம் வடிவமைத்தார். சிம்ப்சன் நிறுவனம் கட்டித்தந்தது. பல்லாவரத்தில் சோதித்து, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் மக்கள்முன் பறந்தார். (எஸ். முத்தையா எழுதாதிருந்தால் இதை நாம் மறந்தே போயிருப்போம்.) அந்தச் சென்னையில் பறக்கக் கற்றுத்தர ஓர் ஆள் கிடையாது. இன்று இருக்கிறார்கள். தாஞ்செலிஸை முன்மாதிரி காட்டுவது, அம்மைத் தடுப்பூசிக்கு முன்பும் மனிதர்கள் வாழ்ந்தார்களே என்று வாதிடுவதைப் போன்றது.

கட்டுரையாசிரியரின் ஒரே ஒரு வாதத்தை மட்டும் நான் ஏற்கிறேன்: பணம். தனிநபர் விமானி உரிமத்துக்கு இந்தியாவில் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பல ஆயிரம் ரூபாய். கஜாவில் தோப்பை இழந்த குடும்பத்துப் பையனுக்கு அது எட்டாக் கனி. தஞ்சாவூரில் 2020 முதல் சுகோய்ப் படைப்பிரிவு நிலைகொண்டிருக்கிறது. டெல்டாக்காரர்களின் தலைக்கு மேல் வானம் நிறைய விமானம். டெல்டாப் பையன் ஒருவன் ஒரு மணி நேரம் ஆசிரியரோடு பறந்து பார்க்க வழியில்லை. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் சேர்ந்த மாணவர்களுக்கு இலகு விமானத்தில் பறக்கும் வாய்ப்பு உண்டு. கல்லூரி வாசலை மிதிக்காத மெக்கானிக்குக்கு அதுவும் இல்லை. இது அநீதிதான். கோபப்பட வேண்டிய இடம் இதுதான். பயிற்சி எட்டவில்லை என்பதற்காகப் பயிற்சியே தேவையில்லை என்று எழுதினால், அநீதி செய்தவர்களுக்கு அதைவிட வசதியான கட்டுரை கிடைக்காது.

ஏகலைவன் கதையை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். அவன் மண்ணால் துரோணரைச் செய்தது குருவே வேண்டாம் என்பதற்காக அல்ல, குரு மறுத்ததனால். மண் துரோணர் போதுமானதாயிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு: குறி தவறிய அம்பு வில்லாளியைக் கொல்வதில்லை. நாளை மறுபடி எய்யலாம். சிமுலேட்டரும் யூடியூபும் இன்றைய மண் துரோணர்கள். அவர்களிடம் நிறையக் கற்கலாம். ஆனால் கை தவறும்போது குறுக்கே கை நீட்டித் தண்டை முன்னே தள்ள மண்ணுக்கு இயலாது.

இலக்கியக்காரர்களாகிய நமக்கு ஒரு பழைய மயக்கம் உண்டு. எழுத்தை யாரும் கற்றுத்தர முடியாது, அது உள்ளிருந்து வருவது என்று சொல்லிச் சொல்லி எல்லாக் கலைக்கும் அதையே பொருத்திப் பார்க்கிறோம். கற்காமல் எழுதிய மோசமான கவிதை அலமாரியில் கிடந்து மக்கும், எவருக்கும் காயமில்லை. (காவிரிக்கரை நாதஸ்வரக்காரர்களிடம் இந்த ‘உள்ளிருந்து’ கதையைச் சொல்லிப்பார்த்தால் தெரியும்; விடியற்காலைச் சாதகத்தைக் காட்டுவார்கள்.) நம் அழகியலுக்கான விலையைப் பிறர் உடம்பு கொடுக்கும்போது நாம் சற்றுக் கூச்சப்பட வேண்டும்.

இவ்விடத்தில் ரே விஜேவர்தனவை நினைத்துக்கொள்கிறேன். 1924-ல் பிறந்து 2010-ல் மறைந்த இலங்கைப் பொறியாளர். வயல் உழும் இரு சக்கர டிராக்டரை வடிவமைத்து, பிற்காலத்தில் ஈர நெல்வயலுக்கு அது உண்மையில் நன்மைதானா என்று தம்மையே கேட்டுக்கொண்டவர். தம் கையால் இலகு விமானங்கள் கட்டி முதுமைவரை பறந்தவர். அவர் கேம்பிரிட்ஜில் படித்தவர், வசதியானவர் என்று மருமகன் சொன்னான். உண்மை. வசதி அவருக்குக் கொடுத்ததில் முதன்மையானது எஞ்சின் அல்ல, கற்பதற்கான பொழுது என்று நான் சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை.

சட்டத்தைப் பற்றி நான் அவனிடம் பேசவில்லை. பதிவும் அனுமதியும் இல்லாமல் பறப்பது குற்றம். 2025 ஜனவரி முதல் புதிய விமானச் சட்டமும் நடப்பில் இருக்கிறது. பாகிஸ்தானின் பாக்பத்தான் மாவட்டத்தில் சோளப்பொரி விற்றுக்கொண்டே விமானம் கட்டியவரை 2019-ல் காவல்துறை பிடித்துக்கொண்டு போக, நீதிமன்றம் மூவாயிரம் ரூபாய் அபராதம் விதித்த கதை அவனுக்கே தெரியும். அபராதத்தைக் கட்டிவிடலாம் என்பான்.

கணக்குப் பேசினேன். எஞ்சினுக்கும் குழாய்க்கும் துணிக்கும் இதுவரை ஆன செலவை அவன் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அந்தத் தொகையில் பாதிக்கு ஆசிரியரோடு இரட்டை இருக்கை இலகு விமானத்தில் பத்து மணி நேரமாவது பறந்திருக்கலாம் என்று கூட்டிக் காட்டினேன். அது உரிமத்துக்குப் போதாது. ஸ்டால் என்றால் என்னவென்று முதுகுத்தண்டு அறிந்துகொள்ளப் போதும். முதல் ஐந்து மணி நேரத்துக்கான பணத்தை நான் தருகிறேன் என்றேன். அதன்பின் இந்த இயந்திரத்தை முதலில் வேறொரு தேர்ந்த விமானி சோதிக்கட்டும், அவர் ‘ஆகாது’ என்றால் ஆகாது என்று ஏற்றுக்கொள் என்றேன். இரண்டாவதற்குத்தான் அவன் கண் கலங்கியது. மூன்றாண்டு வளர்த்ததை முதலில் இன்னொருவர் ஏறி ஓட்டுவதா என்றான். அந்த வலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கட்டுரையாசிரியர் எழுதியிருக்க வேண்டியது அந்த வலியைப் பற்றித்தான்.

பங்குனி போய்விட்டது. அளத்துத் தரை காய்ந்து, வெடித்து, இப்போது உப்பு வாரத் தொடங்கிவிட்டார்கள். முதல் விஷயத்துக்குச் சம்மதித்திருக்கிறான். இரண்டாவதற்கு இன்னும் இல்லை. கட்டுரை அச்சுப்படி சுவரில் அப்படியே இருக்கிறது. விமானத்தின் விசிறியை மட்டும் கழற்றி, பழைய சேலையில் சுற்றி, அக்காள் தன் வீட்டுப் பரணில் வைத்திருக்கிறாள். அதைப் பூட்டும் ஆறு மரையாணிகள் என்னிடம் இருக்கின்றன.